எழுதிக் கொடுத்தவர் பெயர்

ராஜபாளையத்தில் ஒரு வீடு இருக்கிறது. அதை இப்போது யாரும் வீடு என்று சொல்வதில்லை, காந்தி கலை மன்றம் என்றுதான் சொல்வார்கள். சென்னை மாகாணத்தின் கடைசிப் பிரதமராகவும், நாடு குடியரசான பிறகு மதராஸ் மாநிலத்தின் முதல் முதலமைச்சராகவும் இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவின் வீடு அது. குடியிருந்த வீட்டைக் கலைக்கும் ஊருக்கும் என்று கொடுத்துவிட்டார். கொடுத்த இடத்துக்குத் தன் பெயரையோ தகப்பனார் பெயரையோ வைக்கவில்லை. வாசலில் நிற்பது காந்தியின் பெயர்.

வீட்டைக் கொடுப்பதாக வாயால் சொல்வது சுலபம். பத்திரம் எழுதும்போதுதான் கை கனக்கும். தானசெட்டில்மெண்ட் பத்திரம் எதையாவது வாசித்தவர்களுக்கு அதன் நடை தெரியும். எழுதிக் கொடுப்பவர் இன்னார் மகன் இன்னார், இன்ன தெரு, இன்ன கதவிலக்கம். பிறகு நான்கெல்லை: வடக்கே இன்னார் மனை, கிழக்கே தெரு, தெற்கே சந்து, மேற்கே இன்னார் சுவர். பூரண சம்மதத்தோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுயநினைவோடு. இனிமேல் எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வேண்டும். கடைசியில் இரண்டு சாட்சிகள், பதிவாளர் முன் பெருவிரல் ரேகை. கொடுப்பவர் எந்த மூலையிலும் ஒளிந்துகொள்ள முடியாதபடி அந்த மொழியைப் பழைய பத்திர எழுத்தர்கள் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அரசாங்கத் தாள் இப்படி இருப்பதில்லை. ஓர் அரசாணையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மேலே துறையின் பெயர், ஆணை எண், நாள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு. நடுவில் 'அரசு கவனமுடன் பரிசீலித்து' என்று தொடங்கும் பத்தி. கீழே 'ஆளுநரின் ஆணைப்படி' என்ற வரி, அதன் கீழ் ஒரு செயலாளரின் கையெழுத்து. ஆளுநர் அதைப் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. முடிவெடுத்த அமைச்சரின் பெயரோ முதலமைச்சரின் பெயரோ பெரும்பாலும் தாளில் இருக்காது. பத்திரத்தில் ஆள் பக்கத்துக்குப் பக்கம் நிற்கிறார், ஆணையில் ஆளே இல்லை.

ஒரே மனிதரின் வாழ்க்கையில் இந்த இரண்டு வகைத் தாளும் இருக்கும்போது எதைக் கொண்டு அவரை எடைபோடுவது? தன் கையிலிருந்து அவர் கொடுத்தது, அவர் ஆட்சியில் பிறரிடமிருந்து பறிபோனதை ஈடு செய்யுமா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்பதில்லை. எளிய தலைவர்களை எண்ணி நெகிழ்வது வழக்கமாகிவிட்டதால், கேட்பதே நன்றிகெட்ட செயல்போலத் தோன்றுகிறது.

குமாரசாமி ராஜா 1898 ஜூலை 8 அன்று ராஜபாளையத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது திருநெல்வேலி மாவட்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவுக்குள் இருந்தது, பிறகு ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் வந்தது. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் ராஜூக்கள் சமூகத்தைச் சேர்ந்தவர். வசதியான குடும்பம். காந்தியின் பின்னால் போனார், கதர் கட்டினார், சிறை கண்டார். 1946இல் மாகாணப் பிரதமர் பிரகாசத்தின் அமைச்சரவையில் அமைச்சர். அடுத்துப் பிரதமரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சட்டமன்றக் கட்சியின் ஆதரவை இழந்தபோது, பக்கத்து விருதுநகர்க்காரரும் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவருமான காமராஜரின் ஆதரவோடு 1949 ஏப்ரலில் பிரதமரானார். 1952 ஏப்ரல் வரை பதவியில் இருந்தார். 1954 முதல் 1956 வரை ஒடிசாவின் ஆளுநர். 1957இல் காலமானார். காசு சேர்த்தார் என்று எதிரிகள்கூடச் சொன்னதில்லை.

மூன்றே ஆண்டு ஆட்சி. ஆனால் அந்த மூன்று ஆண்டும் சாதாரணமானவை அல்ல. அன்றைய மதராஸ் என்பது இன்றைய தமிழ்நாடு மட்டுமில்லை, கடற்கரை ஆந்திரமும் ராயலசீமையும் மலபாரும் தென்கன்னடமும் சேர்ந்த பெரிய பரப்பு. மழை பொய்த்தது. ரேஷனில் அரிசி அளவு குறைந்தது. வடக்கே தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம். 1948 பிப்ரவரி கல்கத்தா மாநாட்டுக்குப் பிறகு கம்யூனிஸ்ட் கட்சி புரட்சி நெருங்கிவிட்டதாக நம்பியது, அரசும் அதையே நம்பியது. இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தை நம்பினால் நடுவில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். 1949இல் மதராஸ் அரசு கட்சியைத் தடை செய்தது. சிறைகள் நிரம்பின.

1950 ஜனவரி 26 அன்று அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து பதினாறாவது நாள், பிப்ரவரி 11. சேலம் மத்திய சிறையில் அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் மலபார்க்காரர்கள், ஊரைவிட்டுத் தொலைவில் மொழி தெரியாத சீமையில் அடைக்கப்பட்ட விவசாயிகள். அவர்கள் கேட்டது, தங்களைத் திருடர் கொள்ளைக்காரரைப்போல நடத்தாமல் அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்பது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அரசியல் கைதிக்கும் மற்றக் கைதிக்கும் வேறுபாடு வேண்டும் என்று இந்த நாட்டில் முதலில் உரக்கக் கேட்டவர்கள் விடுதலைப் போராட்டக்காரர்களே. வ. உ. சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்ததைச் சொல்லிச் சொல்லியே இந்தப் பக்கத்துக் காங்கிரஸ் வளர்ந்தது. அரசியல் கைதிகளை மரியாதையாக நடத்தச் சொல்லி லாகூர் சிறையில் 63 நாள் பட்டினி கிடந்து 1929இல் செத்தார் ஜதீன் தாஸ். ஏ வகுப்பு, பி வகுப்பு, சி வகுப்பு என்ற சொற்கள் அந்தத் தலைமுறையின் ஒவ்வொரு தியாகிக்கும் மனப்பாடம். சிறைக் கம்பிக்கு உட்புறம் எப்படி இருக்கும் என்பது தெரிந்தவர்கள்தான் 1950இல் வெளிப்புறம் நின்றார்கள். தெரியாதவர் செய்த பிழையைக் காட்டிலும் தெரிந்தவர் கையில் நடந்த பிழை ஏன் கனமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் நம்மிடம் இல்லை.

அவர் சுடச் சொன்னாரா என்று கேட்பார்கள். சொல்லவில்லை. சென்னையில் உட்கார்ந்திருக்கும் முதலமைச்சர் சேலம் சிறை வார்டுக்குள் எந்த நொடியில் துப்பாக்கி தூக்க வேண்டும் என்று ஆணையிடுவதில்லை. அங்கே காவலர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், பயம் இருந்தது. சட்டக் கண்ணால் பார்த்தால் விரல் வேறு யாருடையதோ. ஆனால் அந்த 22 பேரையும் அந்த வார்டுக்குள் கொண்டுவந்தவை சென்னையிலிருந்து போன தாள்கள். கட்சியைத் தடை செய்தது ஒரு தாள். ஆட்களைப் பிடித்து வைத்தது இன்னொன்று. அவர்களை எப்படி நடத்துவது என்று தீர்மானித்தது மற்றொன்று. கடைசித் தோட்டா மட்டும்தான் சேலத்தில் முடிவானது.

அந்தத் தாள்களில் சில நீதிமன்றத்துக்குப் போனதால் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. பம்பாயில் ரமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் மதராஸ் மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று 1950 மார்ச்சில் அரசு ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் மே 26 அன்று அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, சென்னையிலிருந்து போன நீதிபதி. வழக்கறிஞர் வி. ஜி. ராவ் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதமென்று அதே மார்ச்சில் அறிவித்தார்கள். உயர் நீதிமன்றத்தில் அரசு தோற்றது. உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1952 மார்ச் 31 அன்று மறுபடி தோற்றது. 1947 டிசம்பர் முதல் மதராஸ் சிறைகளில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் வழக்கில் மட்டும், தடுப்புக் காவல் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்று தீர்ப்பானது. அந்தத் தடுப்புக் காவல் சட்டத்தை டெல்லியில் கொண்டுவந்தவர் வல்லபபாய் படேல். சேலம் சூட்டுக்கு இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 25 அன்று. ஆகவே இதை ஒரு ராஜபாளையத்துக்காரரின் தனிப்பட்ட குணமாகப் பார்ப்பது தப்பு. புதிய குடியரசு முழுவதுமே அப்போது பயத்தில் இருந்தது.

பயத்தில் இருந்தவர்களுக்குக் காரணமும் இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது. தலைமறைவில் இருந்தவர்கள் எல்லோரும் சாதுக்கள் இல்லை. கொலைகள் நடந்தன, போலீஸ்காரர்களும் செத்தார்கள். ஆயுதம் எடுத்த கட்சியை அடக்க ஓர் அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் சிறைக்குள் இருப்பவர் ஏற்கனவே அடக்கப்பட்டவர். வெளியே திரிபவரிடமிருந்து ஊரைக் காப்பாற்றுவது ஒரு கடமை என்றால், உள்ளே பூட்டியவரைக் காப்பாற்றுவது அதைவிட நெருக்கமான கடமை. பூட்டிய கையே அவருக்கு ஜவாப்தாரி. ஆட்டை விலைக்கு வாங்கிப் பட்டியில் அடைத்தவர்கூட இரவில் நரி வந்ததற்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்ல மாட்டார். இங்கே நரியும் பட்டிக்காரருடையது.

ஓர் ஒப்பீட்டுக்காக, கடல் தாண்டி ஒரு வாழ்க்கையைப் பார்க்கலாம். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ரதர்ஃபோர்ட் ஹேஸ், 1822இல் ஒஹையோவில் பிறந்தவர். சின்சினாட்டியில் வழக்கறிஞராக இருந்தபோது, தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளுக்காக நீதிமன்றத்தில் நின்றார். அந்தக் காலத்தில் அது வருமானம் தரும் வழக்கு அல்ல, பகை தரும் வழக்கு. உள்நாட்டுப் போர் வந்தபோது நாற்பதை எட்டும் வயதில் படையில் சேர்ந்தார். 1862இல் சவுத் மவுண்டன் சண்டையில் இடது கையில் குண்டு பாய்ந்தது, அதற்குப் பிறகும் பலமுறை காயப்பட்டார். போர்க்களத்தில் இருக்கும்போதே நாடாளுமன்றத்துக்கு நிறுத்தினார்கள். ஓட்டுக் கேட்கப் படையை விட்டு வர மாட்டேன் என்றார், வராமலே ஜெயித்தார். ஒரு தடவைக்குமேல் குடியரசுத் தலைவராக நிற்க மாட்டேன் என்று சொன்னார், சொன்னபடியே நின்றார். வெள்ளை மாளிகையில் மது இல்லை. நம் ஊர்க் கணக்கில் இவரையும் எளிமையானவர், நேர்மையானவர் என்று படம் மாட்டிக் கும்பிட்டிருப்போம்.

ஆனால் 1876 தேர்தலில் அவரைவிட அதிக ஓட்டு வாங்கியவர் எதிரில் நின்ற சாமுவேல் டில்டன். நான்கு மாநிலங்களில் வாக்குத் தகராறு. பதினைந்து பேர் குழு 8க்கு 7 என்று முடிவு செய்ய, 185க்கு 184 என்ற கணக்கில் ஹேஸ் பதவிக்கு வந்தார். 1877 ஏப்ரலில் தெற்கு மாநிலங்களின் ஆட்சி மன்றங்களுக்குக் காவல் நின்ற கூட்டரசுப் படையைத் திரும்ப அழைத்தார். கறுப்பின மக்களின் உரிமையை நாங்கள் மதிப்போம் என்று அங்குள்ள தலைவர்கள் கொடுத்த வாக்கை நம்பினார், அல்லது நம்ப விரும்பினார். அந்த வாக்கு காற்றில் போயிற்று. தெற்கில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமை உண்மையில் திரும்பி வர 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த மக்களுக்காக நீதிமன்றத்தில் நின்றாரோ, எந்தச் சண்டையில் அவர்களுக்காகக் கையில் குண்டு வாங்கினாரோ, அவர்களைத்தான் அவரது ஆட்சி கைவிட்டது. அதே ஆண்டு ரயில்வே தொழிலாளர் வேலை நிறுத்தத்துக்கும் படையை அனுப்பினார். தெற்கிலிருந்து எடுத்த துப்பாக்கி வடக்கில் வேலை செய்தது.

பதவி போன பிறகு ஹேஸ் சும்மா இருக்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகளின் படிப்புக்கான ஸ்லேட்டர் நிதியத்துக்குத் தலைவராக இருந்து உழைத்தார். பின்னாளில் பெரும் அறிஞரான டு போய்ஸ் ஜெர்மனியில் படிக்கப் போனது அந்த நிதியின் உதவியால்தான். இது பிராயச்சித்தமா? அவர் அப்படி நினைத்திருக்கலாம். ஆனால் டு போய்ஸுக்குக் கிடைத்த படிப்பு, லூசியானாவில் ஓட்டுச் சாவடிக்குப் போக முடியாமல் போன ஒரு விவசாயிக்கு எந்த வகையில் திருப்பித் தரப்பட்டதாகும்? கொடுக்க வேண்டிய ஆள் ஒருவர், வாங்கிக்கொண்ட ஆள் வேறொருவர். ராஜபாளையத்துப் பருத்திக் கடையில் ஒருவர் பற்றை இன்னொருவர் பேரேட்டில் வரவு வைத்தால் கணக்கப்பிள்ளையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வீட்டை ஊருக்குக் கொடுத்ததும் இப்படித்தான். அந்தக் கொடை உண்மையானது. ராஜபாளையத்துப் பிள்ளைகள் அந்தக் கூடத்தில் பாட்டுக் கேட்டார்கள் என்றால் அதற்கு அவர்கள் நன்றி சொல்ல வேண்டியது அவருக்கே. கடனும் உண்மையானது. ஆனால் அதை வசூலிக்க உரிமையுள்ளவர்கள் மலபாரில் ஏதோ கிராமங்களில் இருந்த தாய்மார்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை நேர் செய்ய, கொடை வாங்கிய ஊருக்கு எந்தப் பாத்தியமும் கிடையாது. 'அவர் வீட்டையே கொடுத்தவர், அவரைப் போய்' என்று ராஜபாளையம் சொன்னால், அது தனக்கு வந்த பரிசைக் கொண்டு வேறொருவருடைய கடனை மன்னிப்பதாகும். அதே அளவுக்கு, சேலத்தைச் சொல்லி வீட்டைக் கேலி செய்வதும் அநியாயம். அவர் கொடுக்காமல் இருந்திருந்தால் சேலத்தில் ஒரு உயிர்கூடக் கூடுதலாகப் பிழைத்திருக்காது.

கொடுக்கத் தெரிந்தவர் என்பதாலேயே அவரிடம் இன்னும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது என்பதும் நிஜம். பற்றே விடாத மனிதரிடம் யார் போய்ப் பொறுப்பைக் கேட்கப்போகிறார்கள்? நான்கெல்லை எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, எனக்கு இனி பாத்தியமில்லை என்று சொல்லத் தெரிந்த கை அது. அதே கை, இது என் ஆட்சியில் நடந்தது, இதற்கு எனக்குப் பாத்தியம் உண்டு என்று ஒரு தாளில் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? சொத்தில் பாத்தியம் விடுவதைத் தியாகம் என்கிறோம். பழியில் பாத்தியம் கொண்டாடுவதற்குத் தமிழில் அப்படியொரு பெரிய பெயர் இல்லை. ஆனால் இரண்டில் அதுதான் கடினமானது.

மதுரைச் சீமைக்கு இந்த யோசனை புதிதல்ல. தீர விசாரிக்காமல் தட்டான் சொல்லை நம்பி ஆணையிட்ட பாண்டியன், உண்மை தெரிந்த நொடியில் உயிரைவிட்டான் என்ற கதையைக் கேட்டுத்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வளர்கிறார்கள். வெட்டியவன் காவலன், பொய் சொன்னவன் தட்டான், ஆனாலும் 'நானே கள்வன்' என்ற நிலைக்குத் தன்னைக் கொண்டுபோனவன் அரசன். மக்களாட்சியில் யாரும் உயிரைவிட வேண்டாம், நாற்காலியை விட்டால் போதும், அதுகூட எப்போதும் தேவையில்லை. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். பாலத்தை அவர் உடைக்கவில்லை, வெள்ளத்தை அவர் அழைக்கவில்லை. அப்படி விலகுவதால் செத்தவர் எழுந்துவரப் போவதில்லை என்பதும், வெறும் நாடகமாகவும் அது ஆகிவிடலாம் என்பதும் சரிதான். ஆனாலும் பெயரில்லாத தாளுக்குள் ஒரு பெயர் அப்போது வந்து உட்காருகிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்ற குடும்பத்துக்கு ஒரு முகம் தெரிகிறது. சேலத்துக்குப் பிறகு மதராஸ் அமைச்சரவை இன்னும் இரண்டு ஆண்டு நடந்தது.

இதை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நேர்மையாகாது. 1957 செப்டம்பரில் இதே ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழத்தூவலில் போலீஸ் சுட்டு 5 பேர் இறந்தபோது முதலமைச்சர் காமராஜர், எளிமைக்கு நாம் வைத்திருக்கும் அளவுகோலே அவர்தான். பதவியில் இருப்பவர் திருடவில்லை என்றாலே மாலை போடும் நிலைக்கு நாம் வந்து சேர்ந்துவிட்டோம். அதனால் பழைய தலைவர்களின் நான்கு முழ வேட்டியும் காலியான வங்கிக் கணக்கும் எல்லாக் கேள்விக்கும் பதிலாகிவிடுகின்றன. திருடாதவர் என்பது ஒரு நற்சான்று. அது எல்லாப் பாடத்துக்குமான மதிப்பெண் பட்டியல் இல்லை.

அந்த ஆட்சியின் இன்னொரு தாளையும் சொல்லியாக வேண்டும். கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுத்த வகுப்புவாரி ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் வழக்குத் தொடுத்தபோது, குமாரசாமி ராஜாவின் அரசு அந்த ஆணைக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 1951 ஏப்ரல் 9 அன்று தோற்றது. அந்தத் தோல்வியால் எழுந்த கொந்தளிப்பு, அந்த ஜூனிலேயே அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்துக்கு ஒரு காரணமானது. அந்த ஒரே திருத்தத்தில்தான், தாப்பர் வழக்கில் அரசு தோற்றதைச் சரிக்கட்டப் பேச்சுரிமைக்கு மேலும் வேலி போட்டார்கள். பின்தங்கிய பிள்ளைக்குக் கல்லூரிக் கதவைத் திறந்ததும், பத்திரிகைக்காரனுக்குக் கதவை ஒருக்களித்ததும் ஒரே சட்டம், இரண்டுக்கும் பின்னால் மதராஸ் அரசு தோற்ற வழக்குகள். அந்த ஆட்சியை ஒரே நிறத்தில் வரைய முடியாது என்பதற்கு இது ஒன்று போதும்.

பிறகு 1952 தேர்தல் வந்தது. முதலமைச்சர் தன் சொந்தச் சீமையிலேயே தோற்றார். அவரோடு அமைச்சர்கள் பலரும் தோற்றார்கள். 375 இடத்தில் காங்கிரசுக்கு 152தான். தடையிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகளுக்கு 62. ராஜாஜியைக் கூப்பிட்டு ஆட்சி அமைக்க வேண்டியதாயிற்று. சேலத்துக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்று இதைப் படிக்க ஆசை வரும். மலபாரில் அப்படி ஓட்டுப் போட்டவர்கள் இருந்திருப்பார்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ரேஷன் கடையில் நின்ற பெண் அரிசியை நினைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டிருப்பாள், சாதியை நினைத்தவரும் இருந்திருப்பார், வேட்பாளரை நினைத்தவரும் இருந்திருப்பார். ஓட்டுப் பெட்டி யாரை வேண்டாம் என்று சொல்லும், எதற்காக என்று சொல்லாது. தோற்ற மனிதரும் எதற்காகத் தோற்றோம் என்று தனக்குப் பிடித்த காரணத்தைச் சொல்லிக்கொண்டு தூங்கப் போகலாம். ஒரு குறிப்பிட்ட தவறுக்கான பதிலைத் தேர்தல் தர முடியாது என்பதை மக்களாட்சியைக் கொண்டாடும்போது நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அரசாணைத் தாளின் தலையில் நிற்கும் கோபுரம் தங்கள் ஊருடையது என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். மதுரைக் கோபுரம் என்று சொல்பவர்களும் உண்டு, அந்தச் சண்டை இங்கே வேண்டாம். வடபத்ரசாயி கோயில் கோபுரம் 192 அடி, 11 நிலை. பால்கோவாக் கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். முத்திரையில் அது கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கி, எந்த ஆணையாக இருந்தாலும் அதன் தலையில் ஒரே மாதிரி நிற்கிறது. பள்ளிக்கூடம் திறக்கும் ஆணையா, ஆளைப் பிடித்து வைக்கும் ஆணையா என்று கோபுரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த ஊரில்தான் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. எந்த ஊர் நீதிமன்றமானாலும் பேச்சுரிமை சம்பந்தப்பட்ட வாதம் வந்தால் ஒரு வழக்கறிஞர் எழுந்து, ரமேஷ் தாப்பர் எதிர் மதராஸ் மாநிலம், 1950 என்று மேற்கோள் காட்டக்கூடும். வி. ஜி. ராவ் வழக்கையும் காட்டக்கூடும். அதிலும் ஒரு பக்கம் மதராஸ் மாநிலம்தான். கோபாலன் வழக்கிலும் அப்படியே. சட்டக் கல்லூரியில் அந்தப் பெயரை நூறு தடவை எழுதிப் பழகிய கை அது. அந்த மதராஸ் மாநிலம் என்பது அப்போது யார் என்று யாரும் கேட்பதில்லை, தீர்ப்பிலும் தேட வேண்டிய அவசியம் இல்லை. வழக்கு முடிந்து கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஊருக்குள் காந்தி கலை மன்றத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கலாம். வாசலில் காந்தியின் பெயர் இருக்கும்.